கதிர் தின்னாத கதிர்க்குருவிகள்

நெல் பால் பிடிக்கும் சமயத்தில் சின்னஞ்சிறு குருவி ஒன்று வரப்போரம் வாலை ஆட்டித் தாவினால், தகரத்தைத் தட்டி விரட்டிவிடுகிறோம். 'கதிர்க்குருவி' என்னும் பெயரே அதற்குப் பகையாகிவிட்டது. உண்மையில் அது தின்பது புழு பூச்சிகளையே.

அலகைக் கவனித்தால் ஐயம் தீரும். தானியம் கொறிக்கும் சில்லைக்கு அலகு கூம்புபோலத் தடித்திருக்கும். கதிர்க்குருவியின் அலகோ ஊசிபோல் மெல்லியது. நெல்லை உடைத்து உமி நீக்க அதனால் ஆகாது.

நம் வயல்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரு கதிர்க்குருவிகளைக் காணலாம். சாம்பல் கதிர்க்குருவிக்கு முதுகு சாம்பல் நிறம். வயிறு செம்மஞ்சள் சாயல். வேலியும் புதரும் தோட்டமும் அதற்குப் பிடித்த இடங்கள். பறக்கும்போது விரல் சொடுக்குவதுபோல் ஓசை கேட்கும். மற்றது வெற்றுக் கதிர்க்குருவி. மங்கிய பழுப்பு நிறம். கண்ணுக்கு மேல் வெளிறிய புருவக்கோடு உண்டு. புல்லும் நெல்லும் நாணலும் உள்ள இடத்தையே அது நாடும்.

கூட்டிலும் வேறுபாடு உண்டு. சாம்பல் குருவி பெரும்பாலும் தையல்சிட்டைப்போல் இலைகளைச் சேர்த்துத் தைத்து, அதனுள் கூடு கட்டும். முட்டை பளபளப்பான செங்கல் நிறம். வெற்றுக் குருவி புல்லைக் கீற்றாகக் கிழித்து, புல் தண்டுகளுக்கிடையே பைபோல் பின்னும். அதன் முட்டை நீலப்பச்சை. மேலே கரும்புள்ளிகள் இருக்கும். ஆகவே வரப்பைச் செதுக்கும்போது அதிகம் அழிவது வெற்றுக் குருவியின் கூடுதான்.

வரப்பைச் செதுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எலி வளையை ஒழிக்க அது தேவை. கூடு தென்படும் புல் தூரை மட்டும் விட்டுவிடுங்கள். முட்டையிட்டு ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிடும், பிறகு செதுக்கலாம். பூச்சிமருந்தையும் சேதம் பொருளாதார அளவைத் தாண்டினால் மட்டுமே தெளியுங்கள். மருந்து பட்ட புழுவைத்தானே தாய் குஞ்சுக்கு ஊட்டும்?

இக்குருவிகளை நம்பியே பூச்சியை ஒழித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம். தண்டினுள் இருக்கும் குருத்துப்பூச்சிப் புழு இவற்றுக்கு எட்டாது. நன்மை செய்யும் சிலந்தியையும் இவை பிடிக்கும். ஆயினும் இலைமேல் ஊரும் புழுக்களையும் சிறு வெட்டுக்கிளிகளையும் கூலியின்றிப் பொறுக்குகின்றன. தகரத்தைச் சில்லைக் கூட்டம் வரும்போது தட்டினால் போதும்.