மண் பரிசோதனை அட்டையில் ஓரமாக ஒரு எண்



மண் பரிசோதனை அட்டை வந்ததும் தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்கைத்தான் முதலில் பார்க்கிறோம். 'பி.எச்.' என்று ஓரமாக ஓர் எண் இருக்கும். அதை யாரும் சட்டை செய்வதில்லை.

ஒரு விவசாயி என்னிடம் வந்தார். "மேலவயல்ல 8.1, கீழவயல்ல 9.1ன்னு போட்டிருக்கு. ஒண்ணுதானே சார் வித்தியாசம்? அதே விதை, அதே உரம். கீழவயல்ல மட்டும் பயிர் பச்சை கட்டவே மாட்டேங்குது" என்றார்.

அந்த ஒண்ணுலதான் விஷயமே இருக்குது. டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன் 1909-இல் வகுத்த அளவு இது. 0 முதல் 14 வரை போகும். 7 நடு. அதற்குக் கீழே போனால் அமிலம், அதாவது புளிப்பு. மேலே போனால் காரம். மிளகாய்க் காரம் இல்லீங்க, சலவைச் சோடாவின் காரம். ஒவ்வொரு எண்ணுக்கும் 10 மடங்கு வித்தியாசம். தயிர் 4-ஐ ஒட்டி நிற்கும், எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி நிற்கும். இரண்டு எண்தான் இடைவெளி, ஆனால் அமிலம் சுமார் 100 மடங்கு. அப்படியானால் கீழவயலின் காரம் மேலவயலைப் போல 10 மடங்கு!

8.5-க்கு மேல் போய், மண்ணில் சோடியமும் ஒட்டிக்கொண்டால் அது களர் நிலம். தண்ணீர் கீழே இறங்காது. காய்ந்தால் கல்லாகிவிடும். துத்தநாகமும் இரும்பும் மண்ணில் இருந்தும் வேருக்குக் கிடைக்காது.

அவர் ஏற்கெனவே இரண்டு வண்டி சுண்ணாம்பு அடித்திருந்தார். நீலகிரியில் இருக்கிற சொந்தக்காரர் சொன்னாராம். அங்கே மண் புளிப்பு, அதனால் சுண்ணாம்பு கேட்கும். தேயிலைக்கோ 5 இருந்தாலே சந்தோஷம். காரம் ஏறிய மண்ணில் சுண்ணாம்பு கரையாது. காசுதான் கரைந்தது.

களருக்கு வேண்டியது ஜிப்சம். வரப்பை உயர்த்தி, அட்டையில் கண்ட அளவு ஜிப்சம் தூவி, தண்ணீர் கட்டிச் சேறாக உழுது, சில நாள் நிறுத்தி வடித்துவிட வேண்டும். ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சோடியத்தைத் தள்ளிவிட, அது தண்ணீரோடு போய்விடும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டுப் பயனில்லை. பிறகு தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். நெல்லில் களர் தாங்கும் திருச்சி 1 ரகம் இருக்கிறது.

வெறும் உப்புப் பூத்த உவர் நிலத்துக்கு ஜிப்சம் வேண்டியதில்லை. நல்ல தண்ணீர் கட்டி வடித்தாலே உப்பு இறங்கும். எது களர், எது உவர் என்று கண்ணால் பார்த்துச் சொல்வது எனக்கே கஷ்டம். அட்டையைப் பார்த்துத்தான் சொல்வேன். மண் எடுக்கும்போது வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் எடுக்காதீர்கள். மேலவயலையும் கீழவயலையும் ஒரே பையில் கலந்துவிடாதீர்கள்.