படம் காட்டினால் வரலாறு பிடித்துவிடுமா?

வரலாறு என்றாலே ஆண்டுகளை உருப்போடுவது என்றாகிவிட்ட வகுப்பில், ஸ்மார்ட் போர்டில் ஒரு காட்சி ஓடினால் கடைசி பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலும் 2018 முதல் க்யூஆர் கோடு வந்துவிட்டது. போனைக் காட்டினால் காணொளி விரியும். சொல்லும் படமும் சேர்ந்து வந்தால் நினைவில் இரு வழிகளில் பதியும் என்று கனடிய உளவியலாளர் ஆலன் பைவியோ விளக்கியிருக்கிறார். அதெல்லாம் சரி. ஆனால் படம் பார்க்கும் உற்சாகம் வேறு, வரலாற்றின் மீது பிடிப்பு வருவது வேறு.

கட்டபொம்மனை எடுத்துக்கொள்வோம். கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-இல். நம் மனதில் நிற்கும் முகமோ 1959-இல் வெளிவந்த படத்தின் சிவாஜி கணேசனுடையது. அந்தக் காட்சியை வகுப்பில் போட்டால் கைதட்டல் நிச்சயம். அது 1799-ஐக் காட்டுகிறதா, விடுதலைக்குப் பின் தமிழர்கள் அவரை எப்படி நினைக்க விரும்பினார்கள் என்பதைக் காட்டுகிறதா? பாடம் தொடங்குவதே அங்கேதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1775 ஏப்ரல் 19-இல் லெக்சிங்டனில் பிரிட்டிஷ் படையும் ஊர்க்காவல் படையும் மோதின. அதே ஆண்டு அமாஸ் டூலிட்டில் வெளியிட்ட செதுக்கோவியத்தில் ஊர்க்காரர்கள் கலைந்து போகிறார்கள். 1886-இல் ஹென்றி சாண்டம் தீட்டிய ஓவியத்தில் அதே ஆட்கள் நெஞ்சை நிமிர்த்தி எதிர்த்து நிற்கிறார்கள்! இந்த மோதல் பற்றிய ஆவணங்களையும் ஓவியங்களையும் வரலாற்றாசிரியர்களிடமும் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார் ஆய்வாளர் சாம் வைன்பர்க். 1991-இல் வெளியான அந்த ஆய்வில், வரலாற்றாசிரியர்கள் முதலில் தேடியது எழுதியவர் யார், எப்போது என்பதைத்தான். மாணவர்களோ தகவலைத் திரட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். பாடநூலைப் பெரிதும் நம்பினார்கள்.

இரண்டு படங்களை அருகருகே வைத்து, 'வரைந்தவர் அங்கே இருந்தாரா?' என்று ஆசிரியர் கேட்டால் போதும், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடும். முடிந்துபோன சங்கதியாகத் தெரிந்த பாடம், தீர்ப்பு வராத வழக்காக மாறும். இதற்கு ஸ்மார்ட் போர்டுகூட வேண்டாம். இரண்டு ஜெராக்ஸ் தாள் போதும்.

நேரம்தான் கிடைப்பதில்லை. ஒரு படத்தை அலசவே ஒரு பீரியட் போய்விடும்; சிலபஸ் முடிக்கும் அவசரத்தில் ஆசிரியர் அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. தேர்வில் 'கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஆண்டு ______' என்றுதான் கேட்கப்போகிறார்கள் என்பது மாணவர்களுக்கும் தெரியும்.