மாதிரி ரயில் பெட்டிகளின் பிடிப்பு: எங்கே தளர்த்துவது, எங்கே இறுக்குவது?

மாதிரி ரயிலின் என்ஜின் திணறினால் முதலில் மோட்டாரைத்தான் சந்தேகிப்போம். பெரும்பாலும் கோளாறு பின்னால் வரும் சரக்குப் பெட்டிகளில் இருக்கும். பெட்டிக்குப் பெட்டி சக்கரம் கொஞ்சம் பிடித்தாலும் அத்தனையும் சேர்ந்து என்ஜின் மேல்தான் விழும்.

பிடிப்பை அளக்க ஒரு சரிவு போதும். ஒரு மீட்டர் தண்டவாளத்தில் பெட்டியை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். 2 செ.மீ. உயரத்தில் பெட்டி நகரத் தொடங்கினால், அதை நகர்த்த அதன் எடையில் 50-இல் ஒரு பங்கு விசை வேண்டும் என்று பொருள். 100 கிராம் பெட்டிக்கு அது 2 கிராம். 4 செ.மீ. வரை உயர்த்த வேண்டியிருந்தால் 4 கிராம். இப்படி 20 பெட்டிகளைக் கோத்தால் 40 கிராம் சுமை 80 கிராமாகிவிடும். மாதிரி என்ஜின் தோராயமாகத் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இழுக்கும். 300 கிராம் என்ஜின் முதல் தொடரை இழுத்துச் செல்லும். இரண்டாவதில் சக்கரம் வழுக்கி, நின்ற இடத்திலேயே சுழலும்.

16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடும் எச்ஓ, ஓஓ வகைப் பெட்டிகள் பலவற்றில் அச்சின் இரு முனைகளும் பம்பரத்தின் ஆணிபோலக் கூராக இருக்கும். அந்தக் கூர், கூம்பு வடிவக் குழியில் உட்காரும். குழி அச்சின் கூரைவிட அகலமாகத் திறந்திருப்பதால், நுனி மட்டுமே தொடும். தொடும் இடம் அச்சின் மையத்திலேயே இருப்பதால் உராய்வு சக்கரத்தைத் தடுக்கும் வலு மிகக் குறைவு. குழி நெருக்கமானால் இரு பக்கமும் அச்சை நெரிக்கும். அகன்றால் அச்சு நுனியை விட்டுச் சரிந்து, பெட்டி சாயும். அச்சைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் மயிரிழை அளவு ஆட்டம் இருக்க வேண்டும்.

சரிசெய்வதில் ஒரு வரிசை உண்டு. முதலில் அச்சில் சுற்றியிருக்கும் முடி, நூல், தூசியை எடுக்க வேண்டும். அடுத்து, பிரேக் கட்டையோ பெட்டியின் அடிப்பாகமோ சக்கரத்தில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். அச்சுகள் ஒன்றுக்கொன்று இணையாக இல்லாவிட்டால் சக்கர விளிம்பு தண்டவாளத்தைத் தேய்த்துக்கொண்டே போகும். இவ்வளவுக்குப் பிறகும் பிடித்தால், கூம்பு வடிவக் கத்திமுனைக் கருவியைக் குழியில் வைத்து ஓரிரு முறை மெல்லத் திருப்பலாம். பித்தளைக் குழிகளும் பொருத்தலாம். எண்ணெய் கடைசியில்தான்: பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயில் ஒரு துளி, அல்லது கிராஃபைட் தூள். டெல்ரின் பிளாஸ்டிக் தானே வழுக்கும். அதற்கு எதுவும் தேவையில்லை.

ஆனால் பிடிப்பை முழுவதும் ஒழிப்பது நோக்கமல்ல. பிரிட்டனின் பழைய சரக்கு ரயில்களில் பெட்டிகளைத் தளர்ந்த சங்கிலிகளால் கோத்திருந்தார்கள். இறக்கத்தில் பெட்டிகள் ஒன்றையொன்று முட்டாமல் இருக்க, கடைசியில் கார்டு வேனில் இருந்தவர் கைப்பிரேக்கைத் திருகிச் சங்கிலிகளை இழுவிறைப்பாக வைத்திருப்பார். மாதிரியிலும் அதே சிக்கல் உண்டு. இறக்கத்தில் நன்றாக உருளும் பெட்டிகள் என்ஜினைத் தள்ளும். மோட்டாரின் புழுப்பல் தண்டு முன்னும் பின்னும் ஆட, ரயில் குலுங்கிக் குலுங்கி இறங்கும். கார்டு வேனின் அச்சில் ஒரு சிறு பஞ்சுத் துண்டையோ மெல்லிய ஸ்பிரிங் கம்பியையோ தொடவைத்தால் குலுக்கல் அடங்கும்.

இதிலும் அளவு தப்பக் கூடாது. கடைசிப் பெட்டி அதிகம் பிடித்தால், வளைவில் நடுவிலுள்ள லேசான பெட்டிகள் உள்பக்கம் இழுபட்டுத் தடம்புரளும். எனவே எடையும் சீராக இருக்க வேண்டும். அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் எச்ஓ பெட்டிக்கு அடிப்படையாக 1 அவுன்சும், நீளத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சும் பரிந்துரைக்கிறது. 6 அங்குலப் பெட்டிக்கு 4 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 113 கிராம்.

ஆகவே ஒவ்வொரு பெட்டியும் எந்தச் சரிவில் உருளத் தொடங்குகிறது என்று எழுதி வையுங்கள். நடுவில் வரும் பெட்டிகள் எல்லாம் சமமாக உருளட்டும். பிடிப்பு கடைசிப் பெட்டியில் மட்டும், தேவையான அளவுக்கு இருக்கட்டும். ரயில் சீராக ஓடுவதற்கு மோட்டாரின் வலுவைவிட இந்தப் பங்கீடுதான் முக்கியம்.