மூச்சுக்கும் ஒரு கணக்கு

ஸ்கூபா முக்குளிப்பவர்களின் லாக்புக் ஒரு மளிகைக் கணக்கு நோட்டைப் போலத்தான் இருக்கும். தேதி, இடம், இறங்கிய ஆழம், நீருக்கடியில் இருந்த நிமிடங்கள், சிலிண்டரில் முதலில் இருந்த அழுத்தம், மீந்த அழுத்தம், கூட வந்தவரின் கையெழுத்து. ஆமையையும் திருக்கையையும் பார்த்ததை எழுத ஒரு மூலை உண்டு. புதியவர்கள் அதைத்தான் முதலில் நிரப்புவார்கள். பிற்பாடு கைகொடுப்பதோ அந்தச் சலிப்பூட்டும் எண்கள்தான்.

12 லிட்டர் சிலிண்டருடன் ஒருவர் இறங்கும்போது அழுத்தம் 200 பார், ஏறும்போது 80 பார் என்று வைத்துக்கொள்வோம். செலவு 120 பார். அதாவது 1,440 லிட்டர் காற்று. 40 நிமிடம் உள்ளே இருந்திருந்தால் நிமிடத்துக்கு 36 லிட்டர். கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சராசரி ஆழம் 10 மீட்டர் என்றால் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல இரு மடங்கு. ஆக, அவருடைய அடிப்படைச் செலவு நிமிடத்துக்கு 18 லிட்டர். இதே ஆள் 30 மீட்டரில் 72 லிட்டர் இழுப்பார். அங்கே அந்த 1,440 லிட்டர் இருபதே நிமிடம்தான் வரும். பதற்றம், குளிர், எதிர்நீரோட்டம் எல்லாம் இந்த எண்ணை ஏற்றிவிடும். பல முறை எழுதிப் பார்த்தவருக்கே தன் எண் பிடிபடும்.

அழுத்தத்தில் உடலில் கரையும் நைட்ரஜன் கரையேறியதும் முழுதாக வெளியேறிவிடாது. அடுத்த முக்குளிப்பில் பழைய பாக்கியும் சேரும். உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908-இல் அட்டவணையாகத் தந்த நைட்ரஜன் கணக்கை இன்று மணிக்கட்டிலுள்ள டைவ் கம்ப்யூட்டர் போட்டுவிடுகிறது. ஆழம், நேரம் இரண்டையும் அதுவே பதிகிறது. அவற்றைக் கணினியில் சேர்த்துவைக்க சப்சர்ஃபேஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. 2011-இல் அதை எழுதத் தொடங்கியவர் லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ், அவரும் முக்குளிப்பவர்தான்.

இடுப்பில் எத்தனை கிலோ ஈயம் கட்டினோம், வெட்சூட் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. தடித்த உடை அதிகம் மிதக்கும். உப்புநீர் நன்னீரைவிட மேலே தூக்கும். அலுமினிய சிலிண்டர் காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும். ஏறும் வழியில் பாதுகாப்புக்காக 5 மீட்டரில் நிற்க முடியாமல் உடல் மேலே போனால் ஈயம் போதவில்லை என்று பொருள். அதைப் படகிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த கடலில் எத்தனை கிலோ கட்டுவது என்று பயிற்றுநர் கேட்கும்போது, நோட்டைப் பார்த்துச் சொல்லலாம்.