ஆப்பிரிக்க வானில் லைன் கிளியர்

சொந்த ஊரை விட்டு நெடுந்தொலைவில் குடியேறியுள்ள நமக்கு ரயில் பிரயாணம் புதிதன்று. டில்லியில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்தால் இரண்டு இரவுகள் கழித்துச் சென்னையில் இறங்குகிறோம். இடையில் எத்தனை மாநிலங்களைக் கடந்தோம், எத்தனை நிலையங்கள் நம் வண்டியை ஒன்றிடமிருந்து ஒன்று ஏற்றுக்கொண்டன என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஒற்றைப் பாதைகளில் ஒரு நிலையத்து அதிகாரி அடுத்த நிலையத்தைக் கேட்டு, அங்கிருந்து 'லைன் கிளியர்' வந்த பின்னரே வண்டியை விடுவார். வளையத்தில் கோத்த டோக்கனை எஞ்சின் டிரைவர் ஓடும் வண்டியிலிருந்தே கையில் வாங்கிக்கொள்வதைச் சிறு வயதில் வியந்து பார்த்தவர்கள் நம்மில் பலர். அந்தக் கேள்வியும் பதிலும் இல்லையேல், எதிரெதிரே இரு வண்டிகள் ஒரே பாதையில் வந்துவிடும்.

ஆகாயத்திலும் இதே கேள்வியும் பதிலும் உண்டு. ஆனால் நம் ரயில் பாதைக்கு ஒரே இலாகா பொறுப்பு. ஆகாயத்திற்கோ அப்படி இல்லை. தன் நிலத்தின் மேலுள்ள வானம் முழுவதும் அந்தந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டதென 1944ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் உருவான உடன்படிக்கை கூறுகிறது. இந்தியா போன்ற பெரிய தேசத்திற்கு இதனால் இடையூறு அதிகமில்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஆப்பிரிக்கக் கண்டத்தில் இதன் பொருள் என்ன என்று பார்ப்போம்.

மேற்கு ஆப்பிரிக்காவில் டோகோ என்றொரு நாடு. அதன் கடற்கரையின் நீளம் 56 கிலோமீட்டர்தான். அடுத்துள்ள பெனினின் கடற்கரை 121 கிலோமீட்டர். நிமிடத்திற்குப் பதினான்கு கிலோமீட்டர் வேகத்தில் கரையோரமாகப் பறக்கும் ஜெட் விமானம் டோகோவை நான்கு நிமிடத்திலும் பெனினை ஒன்பது நிமிடத்திலும் கடந்துவிடும். ஒவ்வொரு நாடும் தனக்கெனத் தனி ராடார், தனி ஒலிபரப்பு நிலையம், இரவு பகலாக விழித்திருக்கும் தனிக் கட்டுப்பாட்டாளர்கள் என்று வைத்துக்கொள்வதாயின், நான்கு நிமிட வேலைக்காக ஒரு சிறிய அரசாங்கம் தன் பொக்கிஷத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும். செலவு ஒருபுறம் இருக்க, விமானிக்குத்தான் எவ்வளவு தொல்லை! ஒருவருக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவரை அழைத்தாக வேண்டும்.

இதற்கு ஆப்பிரிக்கர் கண்ட வழிகளுள் முதன்மையானது 'அஸெக்னா' என்று சுருக்கமாக வழங்கும் நிறுவனம். ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் விமானப் பயணத்தின் பாதுகாப்பைக் கவனிக்கும் அமைப்பு என்பது அதன் முழுப் பெயரின் பொருள். 1959ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் தேதி செனகலின் ஸான் லூயி நகரில் அது பிறந்தது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த நாடுகளுள் பல சுதந்திரம் பெற்றது அதற்கு அடுத்த ஆண்டில். ஆகவே தனித்தனிக் கொடிகள் ஏறுவதற்கு முன்பே, வானத்தைப் பங்கு போடாமல் பொதுவில் காப்பது என்ற முடிவு ஏற்பட்டுவிட்டது. சொத்தைப் பிரிக்கும் வேளையில் ஊர்க் கிணற்றை மட்டும் பொதுவில் விட்டுவைக்கும் அண்ணன் தம்பிகளை நாம் கண்டிருக்கிறோம். ஏறக்குறைய அது போன்ற ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டில் பிரான்ஸும் ஓர் உறுப்பினர். பழைய எஜமானரும் பங்காளியாக அமர்ந்திருப்பது குறித்து மனக்கசப்பு இருந்திருக்குமென்று ஊகிப்பது கடினமன்று. 1974 அக்டோபர் 25ஆம் தேதி டாக்கரில் உடன்படிக்கை புதிதாக எழுதப்பட்டது. தலைமையகம் இன்று டாக்கரில்தான் இருக்கிறது. முன்பு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த எக்குவட்டோரியல் கினியும் போர்த்துகீசியரின் ஆட்சியில் இருந்த கினி பிஸ்ஸாவும்கூடப் பின்னாளில் இதில் வந்து சேர்ந்தன என்பதைப் பார்க்கும்போது, இது வெறும் பிரெஞ்சு உறவின் எச்சம் என்று தள்ளிவிட முடியாது என்றே நமக்குத் தோன்றுகிறது. பிரெஞ்சு ஜனாதிபதி முன்வைத்த கூட்டுறவை 1958இல் மறுத்து உடனே விடுதலையைத் தேர்ந்துகொண்ட கினி, அஸெக்னாவில் சேரவில்லை. ஆயினும் அதுவும் தனித்து நிற்க முடியவில்லை. லைபீரியா, சியரா லியோன் ஆகிய இரு அண்டை நாடுகளோடு சேர்ந்து 'ராபர்ட்ஸ்' என்ற ஒரே வான் வட்டாரத்தை அது பொதுவாக நடத்துகிறது. அரசியலில் எப்படியிருப்பினும் வானத்தில் கூட்டு தேவைப்பட்டது.

அஸெக்னாவின் பொறுப்பில் உள்ள வான்வெளி, கடல்மேல் உள்ள பகுதியையும் சேர்த்து, 1 கோடியே 60 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்டது. நம் இந்தியாவைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு. டாக்கர், நியாமே, ன்ஜமேனா, பிரஸாவில், அந்தனனரீவோ ஆகிய நகரங்களிலிருந்து அது கண்காணிக்கப்படுகிறது. வானிலை அறிவிப்பும் இந்நிறுவனத்தின் வேலையே. சஹாராவிலிருந்து புழுதியை அள்ளிவரும் ஹர்மத்தான் காற்று ஓடுபாதையை மறைக்கும் மாதங்களிலும், நிலநடுக்கோட்டை ஒட்டி இடிமேகங்கள் மலைபோல் எழும் மாதங்களிலும் அந்த அறிவிப்பின் அருமை விமானிக்குத் தெரியும். நியாமேயிலும் டாக்கரிலும் துவாலாவிலும் இதற்குப் பள்ளிகள் உள்ளன. பாங்குயியிலிருந்து வந்த மாணவரும் நுவாக்ஷோட்டிலிருந்து வந்த மாணவரும் ஒரே பலகையின் முன் அமர்ந்து கற்கிறார்கள். பின்னாளில் ஒருவர் மற்றொருவரிடம் நள்ளிரவில் ஒரு விமானத்தை ஒப்படைக்கும்போது, முகம் தெரியாத அந்நியரிடம் ஒப்படைப்பதாக இராது.

இந்தக் கூட்டின் உயிர்நாடி அதன் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. மேலே பறந்து செல்லும் ஒவ்வொரு விமானமும் தன் எடைக்கும் கடந்த தூரத்திற்கும் ஏற்பக் கட்டணம் செலுத்துகிறது. அதனை ஒவ்வொரு நாடும் தனித்தனியே வசூலிக்காமல் நிறுவனமே வசூலித்து, பொதுப் பணியில் செலவிடுகிறது. ஒரு நாட்டில் விமானமே இறங்காமல் போனாலும், மேலே பறப்பது நிற்காதவரை வருமானம் உண்டு.

இதே நாடுகளுள் பல மற்றொரு கூட்டையும் தொடங்கின. அதன் கதை வேறு. 1961 மார்ச் 28ஆம் தேதி யவுண்டே நகரில் பதினொரு நாடுகள் கூடி 'ஏர் ஆஃப்ரிக்' என்ற விமானக் கம்பெனியை ஏற்படுத்தின. பாரிஸ் விமான நிலையத்தில் தங்கள் கம்பெனியின் பெயர் தாங்கிய விமானம் நிற்பதைக் கண்டு ஆப்பிரிக்கர் பெருமை கொண்டனர். ஆனால் 1971இல் காமரூன் விலகித் தனக்கென ஒரு கம்பெனி தொடங்கிற்று. பின்னர் காபோனும் விலகியது. 1994 ஜனவரியில் அந்நாடுகளின் நாணயமான ஸி.எஃப்.ஏ. பிராங்கின் மதிப்பு பாதியாகக் குறைக்கப்படவே, டாலரில் வாங்கிய கடன் ஒரே நாளில் இரட்டித்தது. 2002இல் கம்பெனி திவாலாயிற்று. கிழக்கே கென்யா, உகாண்டா, தாங்கனீகா, ஸான்ஸிபார் ஆகியவற்றிற்குப் பொதுவாக 1946இல் தொடங்கிய ஈஸ்ட் ஆஃப்ரிக்கன் ஏர்வேஸும், அங்குள்ள கூட்டுறவு உடைந்த 1977ஆம் ஆண்டிலேயே முடிந்தது.

கொடி பறந்த கூட்டுகள் வீழ்ந்தன. எவர் கண்ணிலும் படாத கூட்டு நின்றது. காரணம் தேடிப் பார்த்தால், விமானக் கம்பெனியில் பங்கு போட வேண்டியது பெரும்பாலும் நஷ்டத்தை; எந்த ஊருக்கு எத்தனை விமானம், யாருடைய உறவினருக்கு எந்த உத்தியோகம் என்ற வழக்கும் ஓயாது. வான் காவலிலோ பங்காளி ஒருவர் விலகினால், விலகியவருக்குத்தான் முதலில் இருட்டு. கிழக்கு ஆப்பிரிக்காவிலும், கூட்டுறவு மீண்டும் தழைத்தபோது, விமானப் பாதுகாப்பை மேற்பார்வையிடும் பொது அமைப்பு ஒன்று 2007இல் தோன்றி என்டெபேயில் இயங்கி வருகிறது.

இத்தனை ஏற்பாடும் எதற்காக என்பதை 1997ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் தேதி நிகழ்ந்த ஒரு விபத்து காட்டும். நமீபியாவின் கரைக்கு மேற்கே, கடலின்மேல், 35,000 அடி உயரத்தில் ஜெர்மன் விமானப்படையின் துப்பொலெவ் விமானமும் அமெரிக்க விமானப்படையின் சரக்கு விமானமும் நேருக்கு நேர் மோதின. இரண்டிலும் இருந்த 33 பேரில் ஒருவரும் தப்பவில்லை. ஜெர்மன் விமானம் அது செல்லும் திசைக்குரிய உயரத்தில் பறக்கவில்லை. அது மட்டுமன்று, அவ்விமானம் தங்கள் பக்கம் வருகிறது என்ற செய்தியே விண்ட்ஹூக் கட்டுப்பாட்டாளர்களுக்கு எட்டவில்லை. அமெரிக்க விமானத்தை அவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அந்த உயரத்திற்கு அனுப்பினர். லைன் கிளியர் கேட்க வேண்டிய தந்தி வழியில் எங்கோ தங்கிவிட்டது.

தந்தி தங்குவது அந்நாட்களில் ஆப்பிரிக்காவில் அபூர்வமாக இருக்கவில்லை. விமானியோடு தெளிவாகப் பேச உதவும் வானொலி அலைகள் நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு குறுக்கிடுவதால், 35,000 அடியில் பறக்கும் விமானத்தை எட்டுவதற்கும் அவற்றின் எல்லை சுமார் 370 கிலோமீட்டர். அதற்கு அப்பால் சிற்றலையே கதி. சிற்றலையின் இரைச்சலும் மங்கலும் வெளியூரிலிருந்து இரவு நேரத்தில் சென்னை நிலையத்தைத் தேடித் திருப்பியவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. எனவே விமானிகள் தாங்களே ஒரு வழக்கத்தை மேற்கொண்டனர். 126.9 மெகாஹெர்ட்ஸ் என்ற அலைவரிசையில், தாம் யார், எங்கே, எந்த உயரத்தில், எந்தத் திசையில் செல்கிறோம் என்பதைக் குறிப்பிட்ட நேரங்களில் உரக்க அறிவிப்பார்கள். யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. கேட்கிறவர் கேட்டுக்கொள்ளட்டும் என்பதே ஏற்பாடு. இருட்டில் ஒற்றையடிப் பாதையில் நடப்பவர் எதிரே வருவோருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே நடப்பது போன்றது இது.

தரையிலுள்ளோர் செய்தது வேறு. கம்பிகளை நம்பாமல், நாட்டுக்கு நாடு செயற்கைக்கோள் வழியாகவே பேசிக்கொள்ளும் பொது வலைகளை அமைத்தனர். தென்பகுதியிலும் வடகிழக்கிலும் தென் ஆப்பிரிக்காவின் ஏடிஎன்எஸ் நிறுவனமும், மேற்கே அஸெக்னாவும் அண்டை நாடுகளும் இவற்றை நடத்தலாயினர். கட்டுப்பாட்டாளர் ஒருவர் அடுத்த நாட்டிலிருப்பவரைத் தொலைபேசியில் உடனே அழைக்க முடிந்தது. 2008 செப்டம்பர் 25ஆம் தேதி முதல் ஆப்பிரிக்க வட்டாரம் முழுவதிலும், 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே விமானங்களுக்கு மேல்கீழாக 1,000 அடி இடைவெளி போதும் என்ற முறை ஒரே நாளில் அமலுக்கு வந்தது. அதற்கு முன்பு 2,000 அடி. அண்டை வீட்டார் ஒரு கணக்கும் நாம் ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளக்கூடிய காரியமன்று இது.

கூட்டு இருந்தால் குறையே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. 2015 செப்டம்பர் 5ஆம் தேதி, அஸெக்னாவின் கண்காணிப்பிலிருந்த செனகல் வானிலேயே ஒரு மோதல் நிகழ்ந்தது. உவாகதூகுவிலிருந்து நோயாளி ஒருவரை ஏற்றிவந்த சிறு ஜெட் விமானம், 34,000 அடியில் பறக்க வேண்டியது, 35,000 அடியில் எதிரே வந்த பயணி விமானத்தின் இறக்கையில் உரசிற்று. பயணி விமானம் பத்திரமாக இறங்கியது. சிறு விமானமோ எந்த அழைப்புக்கும் மறுமொழி சொல்லாமல் டாக்கரையும் கடந்து அட்லாண்டிக் கடலுக்குள் சென்று மறைந்தது. அதிலிருந்தவர் ஏழு பேர். 2022 செப்டம்பரில் அஸெக்னாவின் கட்டுப்பாட்டாளர்கள் வேலை நிறுத்தம் செய்தபோது, மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில் பல நாடுகளின் விமானங்கள் ஒரே நாளில் தரையில் நின்றுவிட்டன. எல்லோருக்கும் ஒரே கிணறு என்றால் அது வற்றும் நாளில் எல்லோருக்கும் தாகம்தான்.

இந்த வானம் நமக்கு அவ்வளவு அந்நியமும் அன்று. இந்தியாவின் விமான நிலைய ஆணையமும் ஆஸ்திரேலியாவின் ஏர்சர்வீசஸும் தென் ஆப்பிரிக்காவின் ஏடிஎன்எஸும் 2011இல் இந்துமகா சமுத்திரத்திற்காக ஒரு கூட்டணி அமைத்தன. காற்றின் போக்குக்கேற்ற பாதையை விமானமே தேர்ந்துகொண்டு எரிபொருளையும் புகையையும் குறைப்பதற்கு இடந்தருவது அதன் நோக்கம். அதைவிட நெருங்கிய தொடர்பு ஒன்றுண்டு. மாட்டுங்காவிலிருந்தோ செம்பூரிலிருந்தோ புறப்பட்டு நைரோபிக்கு வேலைக்குச் செல்லும் நம்மவர் ஏறும் விமானத்தை மும்பையிலுள்ள கட்டுப்பாட்டாளர் அரபிக் கடலின் நடுவே விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் சோமாலியாவின் மொகதிஷு வட்டாரத்திடம்தான்.

1991இல் சோமாலியாவில் அரசாங்கமே சரிந்தது. வானத்தைக் கவனிக்க ஆளில்லை. அப்போது ஐக்கிய நாடுகள் சபையினர் அண்டை நாடான கென்யாவின் நைரோபியில் இருந்துகொண்டு, விமானங்கள் செலுத்திய கட்டணத்தைக் கொண்டே அந்த வானத்தைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வந்தனர். தகவல் கூறுவார்கள், ஆனால் விமானங்களுக்கு இடையே இடைவெளி அமைத்துத் தரும் அதிகாரம் இல்லை. அங்கே பறந்தவர்கள் 126.9ஐ நம்பியே பறந்தார்கள். 2017இன் இறுதியில் பொறுப்பு மொகதிஷுவுக்குத் திரும்பியது. முழுக் கட்டுப்பாடு மீண்டும் நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 26ஆம் தேதியன்று. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்.

ஆயினும் அடுத்த ஆண்டிலேயே ஒரு புதுத் தகராறு எழுந்தது. தனி நாடாகத் தன்னைக் கூறிக்கொள்ளும் சோமாலிலாந்து, தன் பகுதிக்கு மேலுள்ள வானம் தன்னுடையதே என்று உரிமை கொண்டாடியது. மொகதிஷுவிலிருந்து ஒரு குரல் ஓர் உயரத்தைச் சொல்ல, அதற்கு மாறாக வேறொரு குரல் வேறோர் உயரத்தைச் சொல்வதைக் கேட்டதாக அவ்வழியே பறந்த விமானிகள் முறையிட்டனர்.