திருநங்கையரும் ஆடற்பாடற் கலைகளும்

நாஞ்சில் நாட்டுச் சுடலைமாடன் கொடைகளில் நிகழும் கணியான் கூத்தினைக் கண்டிராதார் நம் மாணவருட் சிலரே யாவர். கிறிஸ்தவ இல்லங்களிற் பிறந்த எம் போன்றாரும், தெருவின் மறுகோடியில் நின்றேனும், மகுடத்தின் முழக்கத்தைக் கேட்டே வளர்ந்தோம். அண்ணாவி கதையினைப் பாட, மகுடங்கள் ஒலிக்க, ஆடவர் இருவர் பெண்கோலம் பூண்டு சலங்கையொலி எழ ஆடுவர். ஊரார் விடியுமளவும் இமையாது காண்பர். ஆயின், ஆணெனக் கருதப்பெற்றுப் பிறந்து, தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வாழும் திருநங்கை ஒருவர் மறுநாட் காலை அதே தெருவிற் சேலையுடுத்து நடப்பாராயின், அவ்வூராரே நகைக்கின்றனர். இரவிற் கலையாக இருந்தது பகலில் இழிவாவது எங்ஙனம்? கூத்தில் ஆடுவோர் ஆடவரே. வேடங் களைந்து தம் இல்லம் புகுவர். திருநங்கையர்க்கோ களைதற்குரிய வேடம் யாதுமில்லை. வேற்றுமை இதுவே.

நம் முன்னோர் இவரை அறியாதவரல்லர். தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்களை உயர்திணையிலேயே வைத்து, அத்திணைக்குரிய ஈறுகளையே அவர்க்கும் உரியவாக்கினார். நன்னூலாரோ இன்னும் ஒருபடி சென்று, ஆண்மை விட்டுப் பெண்மையை அவாவுவாரைப் பெண்பாலென்றார். பாலை அறுதியிடுதற்கு அவ்விலக்கண ஆசிரியர் கொண்ட அளவுகோல் ‘அவா’ என்பதனை வகுப்பிற் கற்றபொழுது யாம் வியந்தோம். சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய 11 ஆடல்களுள் ‘பேடு’ என்பதும் ஒன்று. தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்கக் காமன் வாணனது நகரிற் பேடியுருக் கொண்டு ஆடிய கூத்து அது.

இசைப்பாட்டிலும் பெண்குரல் பெண்டிர்க்கே உரியதாய் நின்றதில்லை. நம்மாழ்வார் பராங்குச நாயகியாக நின்று பாடினார். நம் சபையைச் சேர்ந்த தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் பெத்லகேம் குறவஞ்சியிற் கிறிஸ்துவை நினைந்து உருகும் தேவமோகினியின் வாய்மொழியாகவே பாடினாரன்றோ! நாடக மேடையில் அவ்வையார் வேடம் பூண்ட தி. க. சண்முகம் அவர்கட்கு ‘அவ்வை’ என்பது பெயருக்கு முன் நிற்கும் சிறப்பாயிற்று. வேடத்திற்குப் பட்டம் வழங்கிய நாடு, வாழ்வினை மட்டும் வீட்டினின்றும் துரத்தி வந்தது.

அங்ஙனம் இகழப்பெற்றோர் தமக்கென ஆடலும் பாடலும் உடையர். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கூவாகத்திற் சித்திரை விழாவன்று அரவானுக்கு மணமகளிராய்த் தாலி பூண்டு, கற்பூரச் சுடரைச் சூழ்ந்து கும்மியடித்துப் பாடுவர். மறுநாள் தாலியறுத்து ஒப்பாரி வைப்பர். அவ்வழுகை முழுதும் அரவானுக்காகவோ என்பது எம் ஐயம்.

அரங்கக் கலையிற் புகுந்து நிலைபெற்றவர் நர்த்தகி நடராஜ் அவர்கள். 1964இல் மதுரையிற் பிறந்த இவர், திரைப்படங்களில் வைஜயந்திமாலா அவர்களின் நடனத்தைக் கண்டு தாமே ஆடிப் பழகியவர். அவ்வம்மையார்க்கு ஆசானாயிருந்தவரும், தஞ்சை நால்வர் மரபினருமாகிய கிட்டப்பா பிள்ளை அவர்களை நாடித் தஞ்சை சென்று, காத்திருந்து, மாணவியாயினார். ‘நர்த்தகி’ என்னும் பெயரும் ஆசான் அளித்ததே. தாய் தந்தையர் இட்ட பெயர் பொருந்தாதார்க்கு ஆசான் ஒரு பெயர் அளித்தல் எத்துணைப் பெரிய கொடை!

இவர்தம் ஆடலில் நாயகி பாவம் சிறந்து விளங்குவதற்குக் காரணம் உண்டு. வர்ணத்திலோ பதத்திலோ பாடகர் ஓரடியையே மீண்டும் மீண்டும் பாடுவர். ஆடுவாரோ முறைதோறும் வேறொரு கருத்தை முகத்தாலும் கையாலும் விரித்துக் காட்டுவர். இதனைச் சஞ்சாரி என்ப. சொல் புலவருடையது, இசை பாடகருடையது, அவ்விடைவெளியிற் புகும் பொருள் மட்டும் ஆடுவார்க்கே உரியது. தலைவன் வாராமையும் ஊரார் அலரும் தோழியின் துணையும் அங்கே பாடப்பெறுவன. அலரினைத் தம் இளமையிலேயே கேட்டவர்க்கு அப்பொருளைத் தேடிச் செல்லுதல் வேண்டா.

2011ஆம் ஆண்டிற்குரிய சங்கீத நாடக அகாதெமி விருதும், 2019இல் பத்மஸ்ரீயும் இவர்க்கு வழங்கப்பெற்றன. பத்மஸ்ரீ பெற்ற முதல் திருநங்கை இவரே. 2021இல் தமிழக அரசின் வளர்ச்சிக் கொள்கைக் குழுவிலும் உறுப்பினராக்கப்பெற்றார். இவர் நிறுவிய நடனப்பள்ளியின் பெயர் வெள்ளியம்பலம். மதுரைக் கோவிலில் அப்பெயர் கொண்ட மன்றத்திலேதான், பாண்டியன் வேண்டக் கூத்தப்பெருமான் கால் மாறி ஆடினான் என்று திருவிளையாடற் கதை கூறும்.