பிழை உங்கள் ஆங்கிலத்திலா, லைனிலா?

ஸ்காபரோவில் ஒரு பேஸ்மன்றில் குடியிருக்கும் சகோதரி ஒருவர். கனடாவுக்கு வந்து இரண்டு வருடமும் ஆகவில்லை. வீட்டிலிருந்தபடியே கோல் சென்ரர் வேலை. மூன்றாம் மாதம் மேற்பார்வையாளர் அழைத்து, "உங்கள் பேச்சு வாடிக்கையாளருக்கு விளங்கவில்லையாம், உச்சரிப்பைத் திருத்துங்கள்" என்றிருக்கிறார். இவர் உடனே காசு கட்டி உச்சரிப்பு வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

"எனக்கு இங்கிலிஷ் சரிவராது போல கிடக்கு அண்ணை" என்று என்னிடம் வருத்தப்பட்டார். நானும் இந்தத் தொழிலில் சில வருடங்கள் இருந்தவன். நேரில் அவருடைய ஆங்கிலத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. "நீங்கள் வேலை செய்வது வேர்ச்சுவல் டெஸ்க்ரொப்பிலா?" என்றுதான் முதலில் கேட்டேன். ஆம் என்றார்.

இப்படி வேலை செய்யும் நம்மவர் இன்று பலர். திரையில் தெரிவது கம்பனியின் கணினி. ஆனால் அது ஓடுவது எங்கோ தூரத்திலுள்ள டேற்றா சென்ரரில். வீட்டுக்கு வருவது அதன் படம் மாத்திரமே. படத்துக்கு இது போதும். குரலுக்குத்தான் கஷ்டம். நீங்கள் 'ஹலோ' என்றால் அந்த ஒலி உங்கள் கணினியில் ஒருமுறை சுருக்கப்பட்டு, திரைப்படம் வந்துபோகும் அதே பாதையில் டேற்றா சென்ரருக்குப் போகிறது. அங்கே விரிக்கப்பட்டு, தொலைபேசிக்காக மறுபடி மாற்றப்பட்டு, பிறகுதான் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்கிறது. அவர் பதிலும் அதே சுற்றில்தான் வரவேண்டும்.

இணையத் தொலைபேசியில் குரல் பெரும்பாலும் செக்கனுக்கு 50 சிறு துண்டுகளாகப் போகிறது. பாதையில் நெரிசல் வந்தால் சில துண்டுகள் தொலையும், சில பிந்தும். தொலைந்ததைத் திரும்பக் கேட்டு வாங்குகிற முறை கடிதத்துக்கு நல்லது. பேச்சுக்கு உதவாது. பிந்தி வந்த எழுத்தை எங்கே ஒட்டுவது? ஒருபக்கத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் பேச்சு பெரும்பாலும் இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் கணக்கு. அதைத் தாண்டத் தாண்ட இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள்.

இது நமக்குப் புதிதல்ல. 1990களில் கொழும்பில் ஒரு கொமியூனிக்கேஷன் கடையில் காத்திருந்த அம்மாவுடன் இங்கிருந்து பேசியவர்களுக்குத் தெரியும். சற்றலைற் வழியே ஒருபக்கத் தாமதம் கால் செக்கன். சொன்னதே எதிரொலியாகத் திரும்பி வரும். அப்போது அம்மாவின் தமிழை யாரும் குறை சொல்லவில்லை.

இன்னொன்று. பழைய தொலைபேசி லைன் 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையுள்ள ஒலியைத்தான் கடத்தும். 'எஸ்' என்பதையும் 'எவ்' என்பதையும் பிரித்துக் காட்டும் ஒலியில் பெரும்பகுதி அதற்கு மேலே இருக்கிறது. அதனால்தான் இங்கேயே பிறந்தவர்களும் பெயரை எழுத்துக் கூட்டும்போது 'எஸ் போர் சாம்' என்கிறார்கள்.

சகோதரியை ஒரு பரிசோதனை செய்யச் சொன்னேன். முதலில் வேர்ச்சுவல் டெஸ்க்ரொப்பைத் திறக்காமல் தன் கணினியிலேயே சில வரிகள் வாசித்துப் பதிவு செய்வது. பிறகு அதே வரிகளை அதற்குள் போய்ப் பதிவு செய்வது. (சொந்தக் குரலை மட்டும்! வாடிக்கையாளரின் அழைப்பைப் பதிவு செய்து வேலையைப் பறிகொடுக்க வேண்டாம்.) முதலாவது தெளிவாக இருந்தது. இரண்டாவதில் சொற்களின் கடைசி எழுத்துக்களே இல்லை.

வீட்டில் செய்யக்கூடியதைச் செய்தோம். வைபையை விட்டு, றவுட்டரிலிருந்து நேரே கேபிள் இழுத்தோம். அதற்கு மேல்மாடி வீட்டுக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருந்தது வேறு கதை. புளூருத் ஹெட்செற் மைக்கைத் திறந்ததும் தரம் இறங்கிவிடும். ஆகவே யூஎஸ்பி வயர் ஹெட்செற். கேபிளுக்கு வழியே இல்லாதவர்கள் வைபையை 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 2.4இல் மைக்றோவேவ் அடுப்பும் குறுக்கே வரும்.

துண்டு விழுவது குறைந்தது. தாமதம் அப்படியே இருந்தது. அதைத் தீர்க்கக் கம்பனியால்தான் முடியும். திரை டேற்றா சென்ரர் வழியாகவே வரட்டும், குரல் மட்டும் உங்கள் கணினியிலிருந்து நேரே தொலைபேசிச் சேவைக்குப் போகட்டும் என்று அமைக்கலாம். இதற்கு 'மீடியா ஒப்ரிமைசேஷன்' என்று பெயர். சிற்றிக்ஸ், மைக்ரோசொப்ற் போன்றவற்றின் டெஸ்க்ரொப்புகளில் இந்த வசதி உண்டு. உங்கள் கணினியிலும் ஒரு சிறு மென்பொருளைப் போடவேண்டும். கம்பனியின் தொலைபேசி மென்பொருளும் அதற்கு இசைய வேண்டும். பல இடங்களில் வசதி இருந்தும் யாரும் அதைப் போட்டிருப்பதில்லை.

வாயால் முறையிட்டால் ஒன்றும் நடக்காது. எந்த நாள், எத்தனை மணி, வெட்டுப்பட்டது உங்கள் குரலா அவர் குரலா, கேபிளிலா வைபையிலா என்று இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதை ஐரி பகுதிக்கு எழுத்தில் அனுப்பி, "மீடியா ஒப்ரிமைசேஷன் போட்டிருக்கிறதா?" என்று அதே சொல்லால் கேளுங்கள். பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

சகோதரி அப்படியே செய்தார். ஐரி பகுதியிலிருந்து ஒருவர் அரை மணித்தியாலம் கணினிக்குள் வந்து வேலை பார்த்துவிட்டுப் போனார். அதன்பிறகு முறைப்பாடு எதுவும் வரவில்லை. உச்சரிப்பு வகுப்புக்குக் கட்டிய காசு திரும்பாது. அவருடைய கோப்பில் எழுதப்பட்ட 'உச்சரிப்புக் குறைபாடு' என்ற குறிப்பை நீக்கும்படி கடிதம் கொடுத்திருக்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறார்.